புவா பாலா: நிலப் பதிவேட்டில் இடம்பெறாத ஊர்

குளுகோர் வட்டாரத்தில் 'தி ஓயசிஸ்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கும் இடத்தில் 2009ஆம் ஆண்டு வரை ஓர் ஊர் இருந்தது. அரசாங்க ஏடுகளில் அதற்குக் கம்போங் புவா பாலா என்று பெயர். நம்மவர்கள் புவா பாலா கம்பம் என்றார்கள். ஆங்கில நாளிதழ்கள் தமிழ் ஹை சப்பாரல் என்று எழுதின. 1967 முதல் 1971 வரை ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயர் அது. மாட்டுப் பண்ணையை மையமாகக் கொண்ட அந்தத் தொடரைப் பார்த்தவர்கள், நகரத்துக்குப் பக்கத்திலேயே மாடும் ஆடும் மேய்ந்த இந்தக் கம்பத்துக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

இடிக்கப்பட்டுப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட 24 வீட்டு ஊரைப் பற்றி இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்டு மாதம் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட எத்தனை விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும் என்பதில் நாடே வாதாடியது. ஆனால் உரிமையாளர் பட்டியலிலேயே பெயர் இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி அந்த வாதத்தில் அதிகம் கேட்கவில்லை. புவா பாலா மக்கள் அப்படிப் பட்டியலில் இல்லாதவர்கள். தோட்டத்திலும் கம்பத்திலும் வளர்ந்த நம் குடும்பங்களில் பலவற்றின் நிலையும் அதுதான்.

ஜாதிக்காய்த் தோப்பிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை

'புவா பாலா' என்றால் ஜாதிக்காய். இன்று பினாங்குக்கு வரும் சுற்றுப்பயணிகள் ஊறவைத்த ஜாதிக்காயை வாங்கிப் போகிறார்கள், ஜாதிக்காய் ஜூஸ் குடிக்கிறார்கள். ஆனால் அந்த மரத்தின் தாய்வீடு இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். டச்சுக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த வாசனைப் பயிரை உடைத்தெடுக்க நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனி, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மலுக்குத் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டது. அதன் பிறகு தீவெங்கும் ஜாதிக்காய், கிராம்புத் தோப்புகள் பெருகின.

அந்தத் தோப்புக்காரர்களில் பெரும்புள்ளி, ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் பிரவுன். 1800இல் பினாங்குக்கு வந்து குளுகோரில் பெரிய தோட்டம் அமைத்தார். 1825இல் காலமானார். டத்தோ கிராமாட் சாலையில் உள்ள பாடாங் பிரவுன் இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1860 வாக்கில் நோய் தாக்கி ஜாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. தோட்டங்கள் தென்னைக்கும் மற்றப் பயிர்களுக்கும் மாறின. பயிர் மாறினாலும் உழைத்த கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை.

அந்தப் பிரவுன் தோட்டத்துத் தொழிலாளர்களின் வாரிசுகளே தாங்கள் என்பது புவா பாலா மக்களின் கூற்று. தோட்டத்தின் வாரிசுகளில் ஒருவரான ஹெலன் மார்கரெட் பிரவுன், தொழிலாளர்கள் குடியிருந்த நிலத்தை அவர்களுக்காகவே காலனி அரசாங்கத்திடம் அறக்கட்டளையாக ஒப்படைத்துச் சென்றார் என்றும் அவர்கள் நம்பினார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக வந்த இந்த நம்பிக்கைதான் பின்னாளில் நீதிமன்றத்தில் அவர்களின் முதன்மை வாதமாக நின்றது.

ஊரின் பரப்பு சுமார் 6.5 ஏக்கர். பலகை வீடு, தகரக் கூரை, மாட்டுக் கொட்டகை, ஆட்டுப் பட்டி. பால் கறந்து அக்கம்பக்கத்தில் விற்றார்கள். மாட்டுப் பொங்கல் அங்கே நாட்காட்டியில் வரும் ஒரு நாளாக மட்டும் இருக்கவில்லை. பொங்கல் வைப்பதற்குக் கொட்டகையில் உண்மையாகவே மாடு இருந்தது. முல்லைத் திணை என்று வகுப்பறையில் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு, ஜார்ஜ்டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் அந்த வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது என்பதே வியப்பு.

நகரம் ஊரைத் தேடி வந்தது

ஆரம்பத்தில் குளுகோர் நகரத்துக்கு வெளியே இருந்தது. ஊர் எங்கும் நகரவில்லை. நகரம்தான் அதை நோக்கி நகர்ந்தது. 1969இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது, அதன் வளாகம் குளுகோரில் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்து, தீவின் தென்பகுதி தொழிற்சாலை மயமானது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதன் தீவுப் பக்க முனையும் குளுகோர் வட்டாரத்தில்தான். நகரத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில், பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம் எப்படி விலை ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. நிலத்தில் இருந்தவர்களுக்குப் பால் விலை தெரியும். நிலத்தின் விலையை வேறு சிலர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோட்டப்புறத்திலும் இதே கதைதான். 1950, 60களில் ஆங்கிலேயத் தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டன. 1969க்குப் பின் வேலை பெர்மிட் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். எஞ்சியவர்களின் பிள்ளைகள் 1980களிலிருந்து தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக, தொழிற்பேட்டைகளாக, கோல்ஃப் மைதானங்களாக மாறுவதைப் பார்த்தார்கள். லயத்து வீட்டை இழந்தவர்கள் நகர ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள். நம் பழைய லயங்கள் சிலவற்றில் இன்று இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கும் வரைதான் வீடு.

மற்ற இடங்களில் மக்கள் தோட்டத்தை இழந்து கம்பத்துக்கு வந்தார்கள். புவா பாலாவில் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தோட்டம் அவர்களைச் சுற்றி மறைந்தது. அந்த வகையில் தீவில் எஞ்சியிருந்த அரிய மிச்சம் அது.

அரசியல் புயலின் நடுவே

பாரிசான் நேஷனல் ஆட்சிக் காலத்தில், அந்த நிலத்தைப் பினாங்கு அரசாங்க மூத்த அதிகாரிகள் கூட்டுறவுக் கழகத்துக்கு வழங்க மாநில அரசு ஒப்புதல் அளித்தது. அதற்குச் செலுத்தப்பட்ட தொகை சுமார் 32 லட்சம் வெள்ளி என்று அப்போது வெளியான செய்திகள் கூறின. சந்தை விலையைவிட இது மிகக் குறைவு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கூட்டுறவுக் கழகம் நுஸ்மெட்ரோ என்ற மேம்பாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து அடுக்குமாடி கட்டத் திட்டமிட்டது.

இதற்கிடையே 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நடந்தது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் பினாங்கு ஆட்சி பாக்காத்தான் கைக்கு மாறியது. லிம் குவான் எங் முதலமைச்சரானார், பேராசிரியர் பி. இராமசாமி இரண்டாவது துணை முதலமைச்சரானார். அந்தப் பதவியில் ஒரு தமிழர் அமர்ந்தது அதுவே முதல் முறை. நிலத்தின் உரிமை கூட்டுறவுக் கழகத்துக்கு மாறியது அதே மார்ச் மாதக் கடைசியில்.

இந்த ஒரு தேதிதான் பின்னர் நடந்த அத்தனை சண்டைக்கும் மையம். ஒப்புதல் கொடுத்தது முந்தைய அரசு என்றது ஒரு தரப்பு. கைமாற்றம் முடிந்தது உங்கள் காலத்தில், அப்போதே தடுத்திருக்கலாமே என்றது மறுதரப்பு. ஆளுக்கொரு தேதியைப் பிடித்துக்கொண்டு மேடைகளில் முழங்கினார்கள். ஊரின் நுழைவாயிலில் பதாகைகள் ஏறின. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் தலைவர்கள் வந்து போனார்கள்.

வழக்கு வேறு பாதையில் போனது. 2009 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டு நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றத்திலும் குடியிருப்பாளர்களின் முயற்சி பலிக்கவில்லை. ஆகஸ்டு 2ஆம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். பிறகு தவணை தள்ளிப்போனது. மாநில அரசின் பேச்சுவார்த்தையின் விளைவாக, 24 வீடுகளுக்கும் தலா ஓர் இரட்டை மாடி வீடு தருவதாக மேம்பாட்டு நிறுவனத்தின் சலுகை வந்தது. பெரும்பாலோர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக மண்வாரி இயந்திரங்கள் இறங்கி வீடுகளை இடித்தன.

இதே காலகட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. 2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலும் லிட்டில் இந்தியாவும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. மைய மண்டலத்தின் பரப்பு சுமார் 109 ஹெக்டர். புவா பாலா சுமார் 2.6 ஹெக்டர், ஆனால் எல்லைக்கு வெளியே. வாணிபம் செய்த தமிழரின் கடைத்தெரு பாரம்பரியமாகப் பாதுகாக்கப்பட்டது. தோட்டத்தில் உழைத்த தமிழரின் ஊரைப் பாதுகாக்க எந்தக் கோடும் வரையப்படவில்லை.

சட்டம் எதைப் பார்க்கிறது?

இங்கேதான் நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். "தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம், எங்களை யார் கிளப்புவது?" என்ற பேச்சை இன்றும் கேட்கலாம். மலேசிய நிலச் சட்டத்துக்கு இந்தப் பேச்சு காதில் விழாது.

1966 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற அடிப்படையில் அமைந்தது. சட்டத்தின் 340ஆவது பிரிவு, பதிவான உரிமையைச் சில விதிவிலக்குகள் தவிர யாரும் அசைக்க முடியாது என்கிறது. 48ஆவது பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் உரிமை பிறக்காது என்கிறது. 341ஆவது பிரிவு தனியார் நிலத்துக்கும் அதையே சொல்கிறது. இந்தியாவில் நீண்டகால அனுபவத்தை வைத்து உரிமை கோர இடமுண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இங்கும் அப்படித்தான் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது தமிழரை மட்டும் குறிவைத்த சட்டமும் அல்ல. பேராக்கில் காட்டைத் திருத்தி நெல் பயிரிட்ட மலாய்க் குடியேறிகள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் தொடுத்த சிடெக் வழக்கு 1982இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. புறம்போக்கில் குடியேறியவர்களுக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாய அடிப்படையிலும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றுவரை கம்பத்து வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

அடுத்தது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். பலர் இதைப் பாதி கிராண்ட் போல நினைத்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகும். மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு முடிந்தது. ஐம்பது ஆண்டு புதுப்பித்தாலும் அது ஐம்பது ஓராண்டு உரிமங்கள்தான். மின்கட்டண ரசீது, தண்ணீர் ரசீது, வீட்டு வரி ரசீது ஆகியவை அங்கே குடியிருந்ததைக் காட்டும். உரிமையைக் காட்டாது.

ஆகவே புவா பாலா மக்கள் அறக்கட்டளை வாதத்தை எடுத்ததில் வியப்பில்லை. சட்டம் திறந்து வைத்திருந்த சில சன்னல்களில் அதுவும் ஒன்று. ஆனால் அறக்கட்டளை என்று சொன்னால் மட்டும் போதாது. எழுத்தில் காட்ட வேண்டும். தோட்டம் கைமாறிக் கைமாறி, காலனி அரசாங்கம் போய், கூட்டரசு வந்து, நில அலுவலகம் பதிவேடுகளைப் புதிய சட்டத்துக்கு மாற்றிய காலமெல்லாம் கடந்து, 2009இல் நின்றுகொண்டு நூற்றாண்டுப் பத்திரத்தைத் தேட வேண்டியிருந்தது. தேடுவதற்கு ஏற்ற காலம் 1960களும் 70களும். அப்போது நம் பெரியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

கோவில் நின்றது, ஊர் போனது

பினாங்கில் இப்படிப் போன ஊர் புவா பாலா மட்டுமல்ல. புலாவ் தீக்கூஸில் யூரேசியர்கள் வாழ்ந்த கம்போங் செரானி 1990களின் தொடக்கத்தில் மறைந்தது. அதே வட்டாரத்தில் கம்போங் சயாம் இருந்தது. 1845இல் காலனி ஆட்சி, சயாமிய, பர்மிய சமூகங்களுக்கென்று எழுத்திலேயே கொடுத்த நிலம் அது. அதாவது புவா பாலா மக்கள் தேடிய மாதிரியான பத்திரம் அவர்களிடம் இருந்தது. ஆனாலும் 2014இல் வீடுகள் இடிக்கப்பட்டன. நிலத்தைப் பொறுப்பில் வைத்திருந்த அறங்காவலர்களுக்கும் அதில் குடியிருந்தவர்களுக்கும் இடையிலான தகராறாக அது மாறிப்போனது. புலாவ் தீக்கூஸின் சயாமியப் புத்தர் கோவிலும் பர்மியக் கோவிலும் இன்றும் பேருந்து பேருந்தாகச் சுற்றுப்பயணிகளை வரவேற்கின்றன. கோவிலைச் சுற்றியிருந்த மக்களின் வீடுகள் இல்லை.

கம்போங் சயாம் சொல்வது இதுதான்: பத்திரம் இருப்பதோடு, அந்தப் பத்திரம் யார் கையில் இருக்கிறது, அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். நம் கோவில் நிலங்கள், சங்க நிலங்கள், தமிழ்ப்பள்ளி நிலங்கள் பலவும் அறங்காவலர் பெயரிலேயே இருக்கின்றன. அந்த அறங்காவலர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டால் சில இடங்களில் பதில் வராது.

இந்தோனேசியாவின் இரண்டு கம்பங்கள்

ஜாதிக்காய் வந்த நாட்டிலும் நகர ஓரக் கம்பங்கள் உண்டு. அங்கே நிலைமை நம்மைவிடச் சுலபம் இல்லை. ஆனால் இரண்டு ஊர்கள் வேறுவிதமாக முடிந்தன.

முதலாவது ஜோக்ஜகார்த்தாவின் சோடே ஆற்றங்கரை. கொண்டோலாயு பாலத்துக்கு அடியில், குப்பை கொட்டும் சரிவில் முப்பது நாற்பது ஏழைக் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. 1980களில் அரசாங்கம் இடிக்கத் திட்டமிட்டது. கத்தோலிக்கப் பாதிரியாரும் கட்டடக் கலைஞரும் நாவலாசிரியருமான மங்குன்விஜயா அங்கேயே போய்த் தங்கினார், உண்ணாவிரதம் இருப்பேன் என்று எச்சரித்தார். போராட்டத்தோடு நிற்காமல் மக்களை வைத்தே மூங்கிலிலும் பலகையிலும் வீடுகளைத் திருத்திக் கட்டினார். ஓவிய மாணவர்கள் வந்து சுவர்களுக்கு வண்ணம் தீட்டினார்கள். 1992இல் அந்த ஊருக்குக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. உலக விருது பெற்ற ஊரை இடிக்க எந்த அதிகாரிக்கும் கை வராது.

இரண்டாவது வடக்கு ஜகார்த்தாவின் கம்போங் அக்குவாரியம். சுண்டா கெலாப்பா பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர். 2016 ஏப்ரலில் மாநகர அரசு அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. வேறிடத்தில் கொடுத்த அடுக்குமாடிக்குப் போகாமல், ஒரு பகுதியினர் இடிபாட்டின் மேலேயே கூடாரம் அடித்து இருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆளுநர் தேர்தலுக்கு முன் வேட்பாளரிடம் எழுத்தில் உடன்படிக்கை வாங்கினார்கள். அனிஸ் பஸ்வேடான் வென்றார். 2021 ஆகஸ்டில் அதே இடத்தில் புதிய அடுக்குமாடிகளின் முதல் பகுதி திறக்கப்பட்டது. நிலம் இன்றும் அரசாங்கத்துடையது. ஆனால் குடியிருப்பை நடத்துவது குடியிருப்பாளர்களின் கூட்டுறவுச் சங்கம்.

இங்கே சற்று நின்று யோசிக்கலாம். பினாங்கில் நிலத்தைப் பெற்றதும் ஒரு கூட்டுறவுக் கழகம்தான். அது அதிகாரிகளுடையது. ஜகார்த்தாவில் குடியிருந்த மக்களே கூட்டுறவாகப் பதிவு பெற்றார்கள். ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமானால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமானால், சட்டம் அங்கீகரிக்கும் ஒரு பெயர் வேண்டும். 'ஊர்' என்பது நமக்கு உயிருள்ள சொல். ஊர்ப் பொங்கல், ஊர்க் கட்டுப்பாடு, ஊர்ப் பெரியவர் என்று எத்தனையோ அதிலிருந்து கிளைக்கிறது. நில அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அங்கே லாட் எண் உண்டு, உரிமையாளர் பெயர் உண்டு, அவ்வளவுதான்.

இந்தோனேசியாவை ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். ஜகார்த்தாவில் இடிக்கப்பட்டுத் திரும்பி எழாத கம்பங்கள் நிறைய. ஆனாலும் 1969லேயே ஆளுநர் அலி சாடிக்கின், மக்களை அகற்றாமல் கம்பங்களுக்கு நடைபாதையும் வடிகாலும் தண்ணீரும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார் என்பது வரலாறு. கம்பம் என்றாலே அகற்ற வேண்டிய அழுக்கு என்ற எண்ணத்துக்கு மாற்றுவழி நம் பக்கத்து நாட்டிலேயே அரை நூற்றாண்டுக்கு முன் நடந்து காட்டப்பட்டிருக்கிறது.

இரட்டை மாடி வீடு எதை ஈடுசெய்தது?

புவா பாலாவில் சலுகையை ஏற்ற குடும்பங்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து இரட்டை மாடி வீடுகள் கிடைத்தன. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல கம்பங்களில் ஓரிரு ஆயிரம் வெள்ளியும் மலிவுவிலை வீட்டுக்கு ஒரு மனுபாரமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சட்டப்படி வழக்கில் தோற்றவர்களுக்கு, சொந்தப் பெயரில் கிராண்டோடு ஒரு வீடு என்பது பெரிய விஷயம். பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், வங்கியில் அடகு வைக்கலாம். பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறியது.

ஆனால் அந்தச் சலுகை வந்த நாளில்தான் ஊர் இரண்டானது. வாங்கிக்கொள்வோம் என்றவர்களை விலைபோனவர்கள் என்றார்கள். வேண்டாம் என்றவர்களைத் தூண்டிவிடப்பட்டவர்கள் என்றார்கள். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த பாதியைத் தேர்ந்தெடுத்தது. இயந்திரம் வீடுகளை இடிப்பதற்கு முன்பே உறவுகளில் விரிசல் விழுந்துவிட்டது. மாடுகளுக்கோ எந்தச் சலுகைத் திட்டத்திலும் கொட்டகை இல்லை. பால் வியாபாரம் வீட்டோடு சேர்ந்து முடிந்தது. வீட்டுக்கு வீடு ஈடு கிடைத்தது, தொழிலுக்கும் ஊருக்கும் யாரும் விலை போடவில்லை.

இரண்டு நாட்டு அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது. சோடே கரையிலும் அக்குவாரியத்திலும் மக்கள் ஒரே குரலாக நின்று தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தாங்களே வரைந்து காட்டினார்கள். புவா பாலாவில் மக்கள் கையில் இருந்தவை வழக்கும் பதாகையும். 'இதே நிலத்தில் ஒரு பகுதியில் எங்கள் ஊர், மறுபகுதியில் உங்கள் கட்டடம்' என்பது போன்ற மாற்றுத் திட்டம் ஒன்று, நிலம் விற்பதற்கு முன்பே மேசைமேல் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கலாம். அதைத் தயாரிக்கும் பொறுப்பை அந்த ஏழைக் குடும்பங்களின் தலையில் மட்டும் வைப்பது நியாயமாகாது. வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், நில அளவையாளர் என்று நம் சமுதாயத்தில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலோர் வந்தது கடைசி மாதத்தில்.

மசோதாவுக்கு வெளியே நிற்பவர்கள்

தொடக்கத்தில் சொன்ன மசோதாவுக்கு வருவோம். தாக்கலான வடிவத்தில், முப்பது ஆண்டுக்குட்பட்ட கட்டடங்களுக்கு 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 75 விழுக்காடு. கைவிடப்பட்ட கட்டடங்களுக்கு 51 விழுக்காடு. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இந்த மூன்று எண்களைச் சுற்றியே பேசினார்கள். அடுக்குமாடியில் சொந்த வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த எண்கள் முக்கியம்தான். வாடகைக்கு இருப்பவர்கள், டி.ஓ.எல். வைத்திருப்பவர்கள், தாத்தா கட்டிய பலகை வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அந்தக் கணக்கில் ஒரு விழுக்காடும் கிடையாது. எந்தச் சட்டம் எந்த வடிவில் வந்தாலும் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குடியிருப்பவர் என்ற ஒரே தகுதியில் ஒருவருக்கு அதில் என்ன உரிமை உண்டு என்பதே.

தோட்டத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். 1990ஆம் ஆண்டு வீட்டு வசதி குறைந்தபட்சத் தரச் சட்டம், முதலாளி தரும் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்த பிறகு தொழிலாளி எங்கே போவார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தோட்டம் கைமாறும் செய்தி காற்றில் வரும்போதே வீட்டுடைமைத் திட்டத்தைப் பற்றி எழுத்தில் கேட்க வேண்டும். நிலம் விற்ற பிறகு கேட்டால், புது முதலாளி பழைய வாக்குறுதி எனக்குத் தெரியாது என்பார்.

கம்பத்தில் இருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, எந்த நிலத்தின் பதிவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேசிய நிலச் சட்டமே அதற்கு வழி செய்திருக்கிறது. உரிமையாளர் யார், நிலம் எதற்காகப் பதிவாகியிருக்கிறது, அதன்மேல் தடையுத்தரவோ அடமானமோ இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். லாட் எண் மட்டும் தெரிய வேண்டும். ஊரில் படித்த பிள்ளை ஒருவர் அரைநாள் விடுப்பு எடுத்தால் போதும். அரசு நிலம் என்று வந்தால், தனியாருக்குக் கைமாறுவதற்கு முன் குடியிருப்பாளர் சங்கமாகவோ கூட்டுறவாகவோ பதிவு பெற்று, நிலத்துக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் நிலம் என்று வந்தால், எதிரில் இருப்பவர் யார் என்பதாவது தெரியும். பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய ரசீது, கடிதம், தோட்டச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் கறையான் தின்றாலும் கவலையில்லை.

புவா பாலாவில் முதல் அறிவிப்புக் கடிதம் வந்தபோது, நிலத்தின் கதை நில அலுவலகத்தில் ஏறக்குறைய எழுதி முடிக்கப்பட்டிருந்தது. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இன்னும் மாடு கட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, லயத்தில் இருந்துகொண்டே ஓய்வு பெறும் வயதை எட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நிலத்தைப் பற்றிய பதிவேட்டில் இன்று என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். அறிவிப்புக் கடிதம் வரும்வரை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.